டிராக்டர் ஸ்டீயரிங்கின் கைப்பதம்

மேழி பிடித்து உழுத குடியானவருக்கு மண்ணின் செய்தி கை வழியாகவே வந்து சேர்ந்தது. கொழு வேரில் தட்டினாலும், கல்லில் உரசினாலும், ஈரம் போதாத கட்டியில் சிக்கினாலும், கண் காண்பதற்கு முன்னரே மேழியின் அசைவு அதனைத் தெரிவித்துவிடும். டிராக்டர் ஓட்டுகிறவருக்கு அத்தகைய செய்தியைக் கொண்டுவர வேண்டியது ஸ்டீயரிங் சக்கரமேயாகும். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியதா, வரப்பில் ஏறியதா, பின்பாரத்தால் தரையைவிட்டு இலேசாகிவிட்டதா என்பதையெல்லாம் நல்ல நிலையிலுள்ள ஸ்டீயரிங் கைக்குச் சொல்லும். இதனைக் கைப்பதம் என்று கூறுவது பொருந்தும். பல வருஷம் உழைத்த டிராக்டர்கள் பலவற்றில் இந்தக் கைப்பதம் அடியோடு மறைந்துபோயிருக்கிறது. ஒன்றில் சக்கரம் செக்கைப்போல் இறுகிக் கிடக்கிறது; மற்றொன்றில் கையகலம் சுழற்றிய பின்னரே முன்சக்கரம் அசைகிறது. இரண்டையும் வண்டியின் வயதுக்குரிய இயல்பென்று பொறுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் பிழையானது, பணத்திற்கும் கேடு, உயிருக்கும் கேடு.

பிழை எங்கிருக்கிறது என்பதை அறிய, சக்கரத்தின் சுழற்சி எவ்வழியாகத் தரைக்குப் போகிறது என்பதைச் சற்று நோக்கவேண்டும். முன்சக்கரங்களுக்கு என்ஜின் விசை செல்லாத சாதாரண டிராக்டரில் ஸ்டீயரிங் தண்டின் அடியில் ஒரு பெட்டி உண்டு. அதற்குள் திருகும் பல்லும் சேர்ந்து, பல டிராக்டர்களில் இடையே உருளும் குண்டுகளோடு, கையின் விசையைப் பெருக்கி டிராப் ஆர்ம் என்னும் கைக்குக் கொடுக்கின்றன. அக்கை டிராக் லிங்க் என்னும் கம்பியைத் தள்ளுகிறது. கம்பி, சக்கரம் மாட்டியுள்ள ஸ்டப் ஆக்சிலைக் கிங்பின்னைச் சுற்றித் திருப்புகிறது. டை ராடு என்னும் குறுக்குக் கம்பி மறுபுறத்துச் சக்கரத்தையும் உடன் திருப்புகிறது. இவை ஒவ்வொன்றும் சேருமிடத்தில் ஒரு பால் ஜாயிண்டோ புஷ்ஷோ இருக்கின்றது. ஒவ்வொரு மூட்டிலும் நெல்மணியின் கனத்தில் பாதியளவு தேய்ந்தாலும், அத்தனையும் கூடிக் கைக்கு வந்து சேர்கிறது. அதுவும் பெருகி வருகிறது. பெட்டியின் விகிதம் 18-க்கு 1 என்று வைத்துக்கொண்டால், டிராப் ஆர்மில் உள்ள 1 டிகிரி ஆட்டம் ஸ்டீயரிங் சக்கரத்தில் 18 டிகிரியாகத் தோன்றும். ஆதலால் மேலே பெரிதாய்த் தெரியும் ஆட்டம் கீழே மிகச் சிறிய தேய்மானமாகவே இருப்பதுண்டு. அதனை நீக்கும் செலவும் சிறியதே.

இத்தகைய அமைப்பு ஏன் வேண்டியிருந்தது என்பதும் அறியத்தக்கது. இரண்டு சக்கர மாட்டு வண்டிக்குத் திருப்பும் உபாயம் எதுவும் வேண்டுவதில்லை; மாடு திரும்பினால் வண்டியும் திரும்பும். ஐரோப்பாவின் நாற்சக்கர வண்டிகளில் முன் அச்சு முழுவதும் நடு ஆணியைச் சுற்றித் திரும்பியது. திருப்பம் அதிகமானால் வண்டி கவிழும் அபாயமும் இருந்தது. முனிச் நகரத்து வண்டி செய்பவரான கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர் என்பவர் 1817-இல் இரு முன்சக்கரங்களும் தத்தம் ஆணியைச் சுற்றித் தனித்தனியே திரும்பும் முறையை அமைத்தார். 1818-இல் இங்கிலாந்தில் அதற்கு உரிமைச் சாசனம் பெற்றவர் ருடால்ப் அக்கர்மன். இன்றும் அம்முறை அக்கர்மன் பெயராலேயே வழங்கி வருகிறது. அதன் சாரம் யாதெனில், வண்டி வளைவில் திரும்பும்போது உட்புறத்துச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறத்துச் சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓடவேண்டியிருப்பதால், உட்சக்கரம் அதிகமாகத் திரும்பவேண்டும் என்பதே. டை ராட்டின் நீளமும், அது மாட்டியிருக்கும் கைகளின் சாய்வும் இதற்கென்றே கணக்கிடப்பட்டவை. மரத்திலோ மதகுச் சுவரிலோ மோதி அக்கை வளைந்துவிட்டால், உலையில் காய்ச்சி அடித்து நிமிர்த்துவது சில பட்டறைகளில் நடந்துவருகிறது. கை நிமிர்ந்ததுபோல் தோன்றும், கணக்கு திரும்பாது. அதற்குப் பிறகு எந்த வளைவிலும் ஒரு டயர் மண்ணைத் தேய்த்துக்கொண்டே செல்லும். காய்ச்சிய இரும்பின் பதமும் முன்போல் இராது என்பதை இரும்பு வேலை அறிந்தவர் ஒப்புக்கொள்வர்.

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-வது விதி, ஸ்டீயரிங் சக்கரத்தில் ஆட்டம் 30 டிகிரிக்கு மேற்படலாகாது என்றும், பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்கவேண்டும் என்றும், இணைக்கும் போல்ட்டுகளும் பின்களும் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்கவேண்டும் என்றும் கூறுகின்றது. 42 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள சக்கரத்தின் விளிம்பில் 30 டிகிரி என்பது ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். உள்ளங்கையின் அகலத்தைவிடச் சற்று அதிகம். இது கடைசி எல்லையே அன்றி, விரும்பத்தக்க அளவு அன்று. மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் டிராக்டர் ஒரு விநாடியில் ஏழரை மீட்டர் கடந்துவிடும். ஆட்டத்தை எடுத்துவிட்டுச் சக்கரம் திரும்பத் தொடங்க அரை விநாடி ஆகுமானால், அதற்குள் வண்டி நான்கு மீட்டர் அளவுக்கு ஓட்டுநரின் சொல் கேளாமல் சென்றுவிடுகிறது. கிராமச் சாலைகளில் தார் போட்ட அகலம் பல இடங்களில் 3.75 மீட்டரேயாகும். அதில் ட்ரெய்லர் இரண்டு மீட்டரை எடுத்துக்கொண்டால், எதிரே சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளைக்கு எஞ்சுவது ஒன்றே முக்கால் மீட்டர். இந்த ஒன்றே முக்கால் மீட்டரைக் காப்பாற்றிக் கொடுப்பது ஓட்டுநரின் சாமர்த்தியம் மட்டுமன்று. டை ராட்டின் முனையிலுள்ள சிறு உருண்டையுமாகும்.

விதி இருந்தும் அது வயலோரத்திற்கு வந்து சேர்வதில்லை. வாடகை லாரியும் பஸ்ஸும் குறித்த காலத்தில் தகுதிச் சான்று பெறவேண்டும். விவசாய டிராக்டரோ அவ்வகையைச் சேர்ந்ததன்று. அதன் பதிவு 15 வருஷத்திற்குச் செல்லும். அதுவரை ஒருவரும் அதன் முன் அச்சைக் குனிந்து பார்க்கவேண்டிய கட்டாயம் இல்லை. குடியானவர்களுக்கு அலைச்சல் வேண்டாம் என்ற நல்லெண்ணத்தால் ஏற்பட்ட சலுகை இது. சலுகையைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அரசாங்கம் பார்க்காததை உடையவரே பார்க்கவேண்டும் என்ற பொறுப்பும் அதனுடன் சேர்ந்தே வந்திருக்கிறது.

சக்கரம் இறுகியிருந்தால் காரணத்தைக் கண்டறிவது கடினமான காரியம் அன்று. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன் அச்சை ஜாக்கியால் உயர்த்தி, அதன் கீழ் உறுதியான முட்டுக் கொடுத்த பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்க்கவேண்டும். அப்போது இலேசாகத் திரும்பினால், குற்றம் பெரும்பாலும் டயரின் காற்றிலோ முன்பாரத்திலோ இருக்கும். உயர்த்திய பின்னும் இறுக்கம் நீங்காவிடில், டிராக் லிங்க்கை டிராப் ஆர்மிலிருந்து கழற்றி மீண்டும் திருப்பவேண்டும். இப்போது இலேசாகிவிட்டால் இறுக்கம் கிங்பின்னில் உண்டு. அப்போதும் இறுகியிருந்தால் பெட்டியிலோ தண்டின் பேரிங்கிலோ உண்டு. அரைமணி நேரத்து வேலை. இதனைச் செய்யாமல், "பெட்டி போய்விட்டது" என்ற ஒரு வார்த்தையை நம்பிப் புதுப் பெட்டிக்குப் பணம் கொடுத்துவிட்டு, கிங்பின்னின் துரு அப்படியே இருக்கக் கண்டு ஏமாறுகிறவர்கள் உண்டு.

தளர்ச்சிக்கும் இவ்வாறே. உயர்த்திய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உள்ளும் புறமுமாக அசைத்தால், கிங்பின் புஷ்ஷின் தேய்மானமும் சக்கரப் பேரிங்கின் தளர்ச்சியும் தெரியும். அசைவு ஸ்டப் ஆக்சிலுக்கும் சக்கரத்துக்கும் இடையிலா, ஸ்டப் ஆக்சிலுக்கும் அச்சுக்கும் இடையிலா என்று மற்றொருவர் அருகிருந்து பார்த்துச் சொன்னால் எது என்பது விளங்கிவிடும். பக்கவாட்டில் பிடித்து அசைத்தால் டை ராடு முனைகளின் ஆட்டம் புலப்படும். அச்சு முழுவதையும் தாங்கும் சென்டர் பின்னை மறந்துவிடக் கூடாது; அதன் புஷ் தேய்ந்தால் முன் அச்சே முன்னும் பின்னும் நடமாடும். அந்நிலையில் மற்றெல்லா மூட்டுகளையும் புதுப்பித்தாலும் வண்டி நேராக ஓடாது.

இங்கே ஒரு கெட்ட வழக்கத்தைக் குறிப்பிடுதல் அவசியம். சக்கரத்தில் ஆட்டம் கண்டவுடன் பெட்டியின் மேலுள்ள சரிப்படுத்தும் திருகை இறுக்கிவிடுவது எங்கும் காணப்படுகிறது. டிராக்டர் பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பெட்டியின் பற்கள் நடுவில் அதிகமாகவும் இரு ஓரங்களில் குறைவாகவும் தேய்கின்றன. நடுவிலுள்ள ஆட்டம் நீங்கும்வரை திருகினால், ஓரங்களில் பல்லோடு பல் நெருக்குண்டு இறுகிவிடும். வரப்போரத்தில் முழுவதும் திருப்பும்போது சக்கரம் சிக்கிக்கொள்ளும். திருப்பிய பின் தானாக நேருக்கு வராது. நாளடைவில் குண்டுகளும் அவை ஓடும் பள்ளங்களும் பொரிந்துபோகும். இத்தனைக்கும் ஆட்டம் தொடங்கிய இடம் அறுபட்ட ஒரு ரப்பர் மூடியாக இருந்திருக்கலாம். காலில் முள் தைத்ததற்குக் கைக்குக் கட்டுப் போடுவது போன்றதே இது. திருகைத் தொடுவதற்கு முன் மூட்டுகள் யாவும் பார்க்கப்படவேண்டும். தொட்டாலும், சக்கரத்தை ஓரத்திலிருந்து ஓரம்வரை திருப்பிப் பார்த்து எங்கும் சிக்காத அளவோடு நிறுத்தவேண்டும். பெட்டியில் எண்ணெய் இருக்கிறதா என்பதும் அப்போதே பார்க்கத்தக்கது. அடி ஆயில் சீல் கசிந்து பெட்டி காய்ந்து கிடப்பது வெளியிலிருந்து தெரியாது.

டிராக்டரின் முன் அச்சுக்குச் சாலையைவிடச் சேறே பெரிய சத்துரு. காவிரிப் பாசன ஜில்லாக்களில் கேஜ்வீல் மாட்டித் தொளி கலக்கும் நாட்களில் கிங்பின்னும் டை ராடு முனைகளும் நாள் முழுவதும் சேற்றுநீரில் மூழ்கியே உழைக்கின்றன. வண்டலில் கலந்த நுண்மணல் மூட்டுக்குள் புகுந்து கிரீஸோடு சேர்ந்தால், அது சாணைக்கல்லின் மேல் தடவிய பொடியைப்போல் வேலை செய்கிறது. மாலையில் வயலை விட்டு ஏறியவுடன் நீரால் கழுவி, நிப்பிளின் முகத்தைத் துணியால் துடைத்து, பழைய சேற்றுக் கிரீஸ் வெளியே பிதுங்கித் தூய கிரீஸ் தோன்றும்வரை ஏற்றவேண்டும். துடைக்காமல் கிரீஸ் கன்னை வைப்பவர் மணலைத் தாமே உள்ளே தள்ளுகிறார். சேற்றுழவுக் காலத்தில் இது தினசரி வேலை. மற்றக் காலங்களில் வண்டியோடு வந்த கையேடு கூறும் மணிக்கணக்கைக் கொள்ளலாம்.

கிங்பின்னுக்குக் கிரீஸ் ஏற்றுவதில் ஒரு நுட்பம் உண்டு. வண்டியின் பாரம் சக்கரத்தின் மேல் இருக்கையில், பாரத்தைத் தாங்கும் வாஷரின் இரு முகங்களும் ஒன்றோடொன்று அழுந்தியிருக்கும். ஆகையால் கிரீஸ் பாரமில்லாத பக்கமாக வழிந்து வெளியேறிவிடும். வேண்டிய இடத்துக்குப் போகாது. மாதத்தில் ஒருமுறையேனும் அச்சை உயர்த்தி, சக்கரத்தை இருபுறமும் திருப்பிக்கொண்டே ஏற்றினால் அந்த முகங்களுக்கிடையே கிரீஸ் பரவும். இறுகிய ஸ்டீயரிங் இந்த ஒரு செயலாலேயே இலேசாகிவிடுவதும் உண்டு. கிரீஸின் ஜாதியும் கவனிக்கத்தக்கது. சோடியம் சேர்ந்த கிரீஸ் நீரில் கரைந்துபோகும். லித்தியம் அல்லது கால்சியம் சேர்ந்தது நீரைத் தாங்கும். என்ஜினிலிருந்து வடித்த கழிவு எண்ணெயைத் தடவுவது எதற்கும் உதவாது. மாட்டு வண்டியின் இருசுக்கு மை போடாமல் சந்தைக்குப் புறப்படாத குடும்பங்களில், அந்த வண்டியைவிடப் பன்மடங்கு விலையுள்ள யந்திரத்தின் இருசு வறண்டு கிடப்பது விநோதமே.

கடையாணியையும் இங்கே நினைக்கலாம். கடையாணி இல்லாத வண்டியில் ஒருவரும் ஏறமாட்டார். ஆனால் டை ராடு முனையின் நட்டைப் பூட்டும் ஸ்பிளிட் பின் உடைந்தபோது, அதற்குப் பதிலாக ஓர் ஆணியையோ கட்டுக் கம்பியையோ செருகிப் பல மாதம் ஓட்டுகிறார்கள். அப்பின்னின் விலை ஒரு குவளைத் தேநீரின் விலைக்கும் குறைவு. அது விழுந்து நட்டு கழன்றால் இரண்டு முன்சக்கரங்களும் இரண்டு திசையில் போகும். தேய்ந்த பால் ஜாயிண்டின் உருண்டையை வெல்டிங்கால் பூசிப் பெருக்கி மீண்டும் மாட்டுவதும் இவ்வகையைச் சேர்ந்த சிக்கனம். பதம் ஏற்றிய எஃகு அச்சூட்டினால் பதம் கெட்டு, முன்னறிவிப்பின்றி முறியக்கூடும். புதுப் புஷ் போடும்போதும் அவசரம் கூடாது. அடித்து ஏற்றியபின் மேல் புஷ்ஷும் கீழ்ப் புஷ்ஷும் ஒரே நேரில் அமையும்படி ரீமர் இட்டுச் சீர்செய்யவேண்டியவற்றை அவ்வாறே செய்யவேண்டும். அரத்தால் சுரண்டினால் புதுப் புஷ் பழையதைவிட விரைவில் போய்விடும்.

டயரையும் பாரத்தையும் பற்றிச் சிறிது கூறினால் போதும். முன் டயரில் சதுர அங்குலத்துக்கு 30 ராத்தல் அளவில் காற்று இருக்கவேண்டிய வண்டியில் 15 ராத்தலே இருந்தால், ரப்பர் தரையில் பரந்து ஒட்டி ஸ்டீயரிங் கனக்கும். சரியான அளவு கையேட்டில் உண்டு. இரு முன்சக்கரங்களும் முன்புறத்தில் சில மில்லிமீட்டர் உள்நோக்கி இருக்கும்படி பல டிராக்டர்களில் வைப்பர். சக்கரத்தின் நடு உயரத்தில், விளிம்புக்கு விளிம்பு முன்னும் பின்னும் ஒரு நாடாவால் அளந்தாலே இது தெரிந்துவிடும். கரும்புப் பாருக்காகவோ நிலக்கடலைக்காகவோ முன் அச்சை அகலப்படுத்தியபின் இதனை அளவாதவர் பலர். 1946-இல் இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரில் உற்பத்தி தொடங்கிய பெர்குஸன் டி.ஈ.20 டிராக்டரில், அச்சை அகலப்படுத்தினாலும் ஸ்டீயரிங் கம்பிகளைத் தொடவேண்டாதபடி அமைத்திருந்தார்கள். எல்லா டிராக்டருக்கும் அந்த வசதி இல்லை.

பின்பாரத்தின் தீமை வேறு வகையானது. ஐரோப்பாவில் விற்கப்படும் டிராக்டர்களின் கையேடுகள், வெறும் வண்டியின் எடையில் 20 சதவீதமாவது எப்பொழுதும் முன் அச்சின் மேல் இருக்கவேண்டும் என்று எச்சரிக்கின்றன. கரும்பு ஏற்றிய ட்ரெய்லரை உயரமான கொக்கியில் மாட்டி மேடேறும்போது முன்சக்கரம் தரையை முத்தமிடுவதோடு நின்றுவிடும். அப்போது ஸ்டீயரிங் மிக இலேசாக இருக்கும். அந்த இலேசே அபாயத்தின் அறிகுறி. கைப்பதம் உள்ள வண்டியில் ஓட்டுநர் உடனே இதை உணர்ந்து விசையைக் குறைப்பார். ஆட்டம் மிகுந்த வண்டியில் இந்தச் செய்தி ஆட்டத்திற்குள்ளேயே மறைந்துவிடுகிறது. முன்சக்கரம் பிடிக்காமற் போனால் இடது, வலது பிரேக்குகளைத் தனித்தனியே மிதித்துத் திருப்பும் பழக்கம் வயலுக்குத் தகும். சாலைக்கு வந்தபின் இரு பெடல்களையும் சேர்த்துப் பூட்டாமல் செல்வது தகாது.

இனி, பவர் ஸ்டீயரிங் என்னும் எண்ணெய் விசை முறையைப் பற்றி. அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் என்னும் என்ஜினியர் 1926-இல் ஒரு பியர்ஸ்-ஆரோ மோட்டாரில் இதனை அமைத்துக் காட்டினார். கடையில் விற்கும் காரில் அது வந்தது 1951-இல், கிரைஸ்லர் கம்பெனியின் இம்பீரியலில். இன்று புதுடிராக்டர் வாங்குகிறவர்கள் இதனையே விரும்பிக் கேட்கிறார்கள். அது நியாயமான விருப்பம். நாள் முழுவதும் தொளி கலக்கும் ஓட்டுநரின் தோளும் மணிக்கட்டும் இதனால் பிழைக்கின்றன. வயது சென்றவரும், தாமே டிராக்டர் ஓட்ட முன்வரும் பெண்களும் களைப்பின்றி வேலை செய்ய இயலுகிறது. ஆயினும் பழைய வண்டியில் ஸ்டீயரிங் இறுகியது என்ற காரணத்துக்காக இதைப் பொருத்துவது, காரணத்தை ஆராயாமல் வலிக்கு மருந்து தின்பதற்கு ஒப்பாகும். கிங்பின்னின் துரு நீங்குவதில்லை. அதனை எண்ணெயின் அழுத்தம் பலவந்தமாகத் திருப்புகிறது. கைக்குக் கனம் தெரியாததால் நின்ற இடத்திலேயே சக்கரத்தைத் திருப்பும் வழக்கம் வருகிறது. அதன் பளு முழுவதும் டை ராடு முனைகளின் மேலும் புஷ்ஷின் மேலும் விழுகிறது. தோள் சுமந்த பாரத்தை மூட்டுகள் சுமக்கின்றன. தோள் முறையிடும், மூட்டு முறையிடாது.

பல டிராக்டர்களிலுள்ள எண்ணெய் முறையில் ஸ்டீயரிங் சக்கரத்துக்கும் முன் அச்சுக்கும் இடையே இரும்புக் கம்பித் தொடர்ச்சியே இல்லை. எண்ணெய்க் குழாய் மட்டும் உண்டு. ஆகவே தரையிலிருந்து கைக்கு வரும் செய்தி மிகவும் குறைந்துவிடும். டை ராடு முனையில் ஏற்பட்ட ஆட்டத்தைக் கை காட்டிக்கொடுக்கும் என்று அத்தகைய வண்டியில் எதிர்பார்க்க முடியாது. கண்ணாலும் ஜாக்கியாலும் பார்ப்பது முன்னிலும் அவசியமாகிறது. எண்ணெயில் கலந்த தூசி அளவுப் பம்பின் பற்களைக் கீறிவிட்டால், சக்கரத்தை ஒரே நிலையில் பிடித்திருந்தும் வண்டி மெல்ல ஒதுங்கும். வடிகட்டியைக் காலத்தில் மாற்றுவதும், எண்ணெய் ஊற்றுமுன் மூடியைச் சுற்றித் துடைப்பதும், சக்கரத்தை ஓரம்வரை திருப்பிக் கீச்சிடும்படி வெகுநேரம் பிடித்துக்கொண்டிராமல் இருப்பதும் இதற்குரிய பராமரிப்பு. புது வண்டியில் பவர் ஸ்டீயரிங்கை வேண்டி வாங்கலாம். பழைய வண்டியில் முன் அச்சைச் செப்பனிட்டுப் பார்த்தபின் தேவையிருந்தால் பொருத்தலாம். இந்த வரிசை மாறலாகாது.

புது டிராக்டருக்கு மேற்பார்வை உண்டு. மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னும் ஊரில் 1955-இல் பயிற்சிக்கெனத் தோன்றிய மத்திய அரசின் பண்ணை யந்திர நிலையம், டிராக்டர் மாதிரிகளைப் பரிசோதித்து அறிக்கை அளித்துவருகிறது. பரிசோதிக்கப்படும் வண்டி புதிது. கிராமத்தில் ஓடும் வண்டி பழையது. பழைய வண்டியின் பரிசோதனைக்கு ஊரே நிலையமாகவேண்டும். ஒருவருடைய டிராக்டர் ஒரு நாளில் ஐந்து பேருடைய வயலில் வாடகைக்கு உழுகிற காலத்தில், அதன் ஸ்டீயரிங் அவருடைய சொந்தக் காரியம் என்று சொல்லி விலகுவதற்கில்லை. கூட்டுறவுச் சங்கங்களும் வாடகை யந்திர மையங்களும் வண்டியை வெளியே அனுப்பும் பேரேட்டில் டீசல் அளவையும் மணிக்கணக்கையும் எழுதுகின்றன. அதே வரியில், என்ஜினை ஓடவிட்டு, முன்சக்கரம் அசையாமல் ஸ்டீயரிங் விளிம்பு எத்தனை சென்டிமீட்டர் நகர்கிறது என்பதையும் எழுதலாம். ஒரு குச்சியும் ஓர் அளவுகோலும் போதும். ஜனவரியில் 4 என்று இருந்தது ஏப்ரலில் 7 ஆகுமானால், எந்த மெக்கானிக்கின் வாக்கும் இன்றியே தேய்மானம் எழுத்தில் நின்றுவிடும். பழைய டிராக்டரை விலை பேசுகிறவருக்கும் அந்தப் பேரேடு பெயின்ட்டைவிட நம்பத்தக்க சாட்சி.

இதற்கு ஓர் ஆட்சேபம் கூறப்படும். தண்ணீர் வந்துவிட்டால் நிலம் காத்திருக்காது. டிராக்டர் ஒரு நாள் நின்றால் ஐந்து குடும்பத்தின் நாற்று முற்றும். அப்போது புஷ் மாற்றிக்கொண்டிருக்க யாருக்கு நேரம் என்பர். ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது. பருவத்தின் நடுவில் அச்சைக் கழற்றச் சொல்லும் ஆலோசனை குடியானவரிடம் செல்லாது. ஆனால் பருவத்தின் நடுவில் டை ராடு முறிந்தாலும் வண்டி நிற்கத்தான் செய்யும். அப்போது உதிரிப் பாகத்துக்குக் கடைக்காரர் சொல்வதே விலை, மெக்கானிக் வருவதே நேரம். ஓட்டுநரிடம் எச்சரிக்கையைப் பெறுவதும் உடையவர் கையிலேயே இருக்கிறது. ஸ்டீயரிங் ஆடுகிறது என்று சொன்ன ஓட்டுநரை வேலைக்குச் சாக்குச் சொல்கிறார் என்று கடிந்துவிட்டால், அடுத்த முறை அவர் சொல்லமாட்டார். நாள் முழுவதும் சக்கரத்தைப் பிடித்திருப்பது அவருடைய கை. திண்ணையிலிருந்து கேட்கும் என்ஜின் ஓசையில் கிங்பின்னின் நிலை தெரியாது.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. கோடையுழவு முடிந்து டிராக்டர்கள் கொட்டகையில் நிற்கும் வைகாசி முதல் வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் சங்கச் செயலாளரும் சொல்லியனுப்பினால், களத்து மேட்டில் ஊர் டிராக்டர்கள் யாவற்றையும் நிறுத்தி ஒரே மெக்கானிக்கைக் கொண்டு பார்த்துவிடலாம். இரண்டு ஜாக்கி, நான்கு முட்டுக்கட்டை, ஒரு கிரீஸ் கன், ஒரு கட்டு ஸ்பிளிட் பின் இருந்தால் அன்றைய வேலைக்குப் போதும். புஷ்ஷோ பால் ஜாயிண்டோ வேண்டுமென்று தெரிந்தால், பக்கத்து நகரத்தில் இல்லாவிட்டாலும் தஞ்சாவூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வரவழைத்து மாட்டுவதற்குத் தண்ணீர் வருமுன் மூன்று வாரம் மிச்சமிருக்கும்.